மண் காத்த பெருந்தகை ஹியூ ஹாமண்ட் பென்னட்

நாடு காத்த வீரரையும், மொழி காத்த புலவரையும், நோய் தீர்த்த மருத்துவரையும் போற்றும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆண்டு விழா மலர்களில் இடம்பெறும் வரலாறுகளும் பெரும்பாலும் அத்தகையோருடையனவே. ஆயின், நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண்ணுக்காகவே வாழ்ந்து, அதற்காக வாதாடி, அதன் இழப்பை எடைபோட்டுக் காட்டி, ஒரு பெரிய நாட்டின் சட்டத்தையே மாற்றச் செய்த ஒருவரை நம்மில் அறிந்தவர் சிலரே. அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்த ஹியூ ஹாமண்ட் பென்னட். மண்காப்பின் தந்தை என்று அவரை அந்நாட்டார் போற்றுகின்றனர்.

நம்மிற் பலர் உழவர் குடியிற் பிறந்து, அலுவலின் பொருட்டு ஊர்விட்டு வந்து, காலனி வீடுகளில் வாழ்பவர்கள். ஏர் பிடித்த கை நமக்கு ஒன்றிரண்டு தலைமுறைக்கு அப்பால் போய்விட்டது. எனினும், நம் உலையில் ஏறும் அரிசி எங்கோ ஒரு வயலின் மேல்மண்ணிலிருந்துதான் வருகின்றது. அந்த மேல்மண் ஒரு சாண் அளவே உள்ள மெல்லிய போர்வை. அதில் ஓர் அங்குலம் இயற்கையில் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். காப்பின்றிக் கிடந்தால் சில மழைக்காலங்களிலேயே அது போய்விடும். இந்த வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை உலகிற்கு உணர்த்தியதே பென்னட்டின் வாழ்க்கைப் பணி.

பிறப்பும் இளமையும்

பென்னட் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்து ஆன்சன் மாவட்டத்தில், வேட்ஸ்பரோ என்னும் ஊருக்கு அருகே பருத்தி விளைவிக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. மேடும் சரிவுமாகக் கிடந்த அந்நிலப்பகுதியில் காடழித்துப் பயிரிட்ட மக்கள், ஆண்டுதோறும் பருத்தியையே விதைத்து வந்தனர். பருத்தி வரிசைகளுக்கு இடையே மண் திறந்து கிடக்கும். கோடை மழை கொட்டும்போது சரிவுகளில் செந்நீர் ஓடும். நிலம் சோர்ந்து போனால், அதைக் கைவிட்டு அடுத்த காட்டை அழிப்பதே பலருக்கும் வழக்கமாக இருந்தது.

பென்னட்டின் தந்தையார் சற்று முன்யோசனை உடையவர். சரிவின் குறுக்கே வரப்புகள் எடுத்து வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்க முயன்றார். அவ்வேலையில் உடனிருந்து உழைத்த சிறுவன், இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டதாகவும், நிலம் கழுவுண்டு போகாமல் இருப்பதற்காக என்று தந்தை விடை கூறியதாகவும் சொல்வர். பிற்காலத்தில் அவர் ஆற்றிய பணி முழுவதற்கும் அந்த ஒரு விடையே விதையாயிற்று எனலாம்.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். கைப்பொருள் போதாமையால் இடையே படிப்பை நிறுத்தி, மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். 1903-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மத்திய வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மண்ணியல் அலுவலகத்தில், நிலங்களின் மண்வகையை ஆராய்ந்து படம் வரையும் அளவையாளராகப் பணியில் அமர்ந்தார். கோலும் மண் துளைக்கும் கருவியும் ஏந்தி, ஊர் ஊராக நடந்து, வயல்தோறும் குழி தோண்டிப் பார்க்கும் தொழில் அது. ஓங்கிய உடலும் ஓயாத கால்களும் கொண்ட அவருக்கு அத்தொழில் மிகவும் பொருந்தியது.

லூயிசாவில் கண்ட உண்மை

1905-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து லூயிசா மாவட்டத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். ஒருகாலத்தில் நன்கு விளைந்த வயல்கள் ஏன் வலிமை குன்றின என்பதை ஆராய்வது அவருக்கும் உடன் சென்ற மக்லெண்டன் என்னும் துணைவருக்கும் இடப்பட்ட பணி.

ஒருநாள் அவ்விருவரும் அடுத்தடுத்துக் கிடந்த இரு நிலத்துண்டுகளைக் கண்டனர். ஒன்று உழப்படாத காடு. மற்றொன்று நெடுநாள் உழப்பட்ட வயல். இரண்டின் சரிவும் ஒன்றே. அடியிலுள்ள பாறையும் ஒன்றே. எனவே மண்ணும் ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும். ஆனால், காட்டின் மண் ஈரமும் மென்மையும் கொண்டு, கையாலேயே தோண்டத்தக்கதாக இருந்தது. வயலின் மண்ணோ களிமண்ணாய் இறுகிக் கல்போலக் கிடந்தது. வயலின் மேற்பரப்பு என்று எண்ணப்பட்டது உண்மையில் அதன் அடிமண்ணே என்றும், மேலிருந்த நல்ல மண் முழுவதும் மழைநீரோடு போய்விட்டது என்றும் அவர்கள் உணர்ந்தனர்.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அவ்வயலில் பெரிய பள்ளமோ ஓடையோ இல்லை. ஓடைப் பள்ளங்களைக் கண்டால் எந்த உழவரும் அஞ்சுவர். அதனை அடைக்கவும் முயல்வர். ஆயின் ஒவ்வொரு மழையிலும் காகிதத்தின் கனம் அளவே மண் பரவலாக நீங்கினால் அதனை யார் காண்பார்? அடுத்த உழவில் கலப்பை அத்தடத்தையும் அழித்துவிடும். வாழ்நாள் முழுவதும் ஒரே வயலை உழுதவரும் அறியாதபடி, அவர் காலடியிலிருந்து நிலம் நழுவிப்போகின்றது. இதனைப் போர்வை அரிப்பு என்கின்றோம். கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத இவ்வரிப்பே பெரிது என்பது பென்னட் அன்று பெற்ற ஞானம்.

தனிக் குரல்

கண்ட உண்மையை மேலோர் ஏற்பர் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நடந்ததோ வேறு. அவ்வலுவலகத்தின் தலைவராக விளங்கிய மில்ட்டன் விட்னி பேரறிவாளர். அமெரிக்க மண் அளவைப் பணியைத் தொடங்கி வளர்த்தவரும் அவரே. எனினும், 1909-இல் அவ்வலுவலகம் வெளியிட்ட நூலொன்று, மண் என்பது அழியாத செல்வம், தீர்த்துவிட முடியாத ஒன்று என்னும் கருத்தை நாட்டிற்கு உரைத்தது. அதே அலுவலகத்தின் கடைநிலை அளவையாளர் ஒருவர், அச்செல்வம் நாள்தோறும் அழிந்து வருகின்றது என்று கூறினால் யார் செவி சாய்ப்பர்?

பென்னட் பதவியைத் துறக்கவில்லை. வாய் மூடியும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தம் தொழிலைச் செய்துகொண்டே சான்றுகளைத் திரட்டினார். தென் மாநிலங்களிலும், அலாஸ்காவின் குளிர்நிலத்திலும், பனாமாக் கால்வாய்ப் பகுதியிலும், கியூபாத் தீவிலும் அவர் கால்கள் நடந்தன. 1921-இல் தென் மாநிலங்களின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உழவர் இதழ்களுக்கும் பொது இதழ்களுக்கும் ஓயாமல் எழுதினார்.

1928-இல் சாப்லைன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, மண்ணரிப்பு ஒரு தேசியப் பேரிடர் என்னும் பொருளுடைய தலைப்பில் அவர் எழுதிய சிற்றேடு, வேளாண்மைத் துறையின் வெளியீடாகவே வந்தது. பயிர்கள் ஆண்டுதோறும் நிலத்திலிருந்து உறிஞ்சி எடுத்துச் செல்லும் ஊட்டச்சத்தைப் போல ஏறத்தாழ 21 மடங்கு சத்தை நீரும் காற்றும் வாரிச் செல்கின்றன என்று அவ்வேட்டில் மதிப்பிட்டிருந்தார். உரமிட்டு நிலத்தைத் தேற்ற முயலும் உழவருக்கு இது பெரும் அதிர்ச்சியாயிற்று. ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பான அவ்வேலை எவ்வளவு வீண் என்பதை அந்த ஓர் எண் காட்டிவிட்டது.

அளந்து காட்டிய நிலையங்கள்

எனினும் மதிப்பீடு வேறு, அளவு வேறு. ஆற்றில் செல்லும் வண்டலைக் கொண்டு நாடு முழுமைக்கும் கணக்கிடுவது ஊகத்தின் பாற்பட்டது. எந்த மண்ணில், எவ்வளவு சரிவில், எந்தப் பயிர் நிற்கும்போது, எவ்வளவு மண் போகின்றது என்று எவரேனும் கேட்டால் விடை வேண்டுமல்லவா? அதற்கு வழிகாட்டிய முன்னோடிகள் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார். மில்லர், டூலி என்னும் பேராசிரியர் இருவர் 1917-இல் அங்குச் சிறு பாத்திகளை அமைத்து மண்ணிழப்பை அளக்கத் தொடங்கியிருந்தனர்.

அம்முறை எளியது. சரிவான நிலத்தில் நீண்ட பாத்தி ஒன்றைச் சுற்றிலும் பலகையோ தகடோ பதித்து, வெளிநீர் உட்புகாமலும் உள்நீர் வெளியேறாமலும் அடைக்கின்றனர். பாத்தியின் கீழ்முனையில் தொட்டி ஒன்று உண்டு. மழை பெய்து ஓய்ந்தபின் தொட்டியில் சேர்ந்த கலங்கல் நீரை அளந்து, அதனைக் கலக்கி ஒரு சிறு பங்கை எடுத்து, உலர்த்தி எடை போடுகின்றனர். அவ்வளவுதான். மழைக்குமழை இவ்வாறு எழுதி வைத்த குறிப்பேடே மண்ணின் ஐந்தொகைக் கணக்கு.

மிசௌரியில் 14 ஆண்டு அளந்து கண்ட முடிவுகள் நம் சிந்தனைக்கு உரியவை. நூற்றுக்கு நான்கடிக்கும் குறைவான சரிவுதான் அந்நிலத்துக்கு. அங்கு ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்த பாத்தியில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19.7 டன் மண் போயிற்று. ஆண்டுதோறும் கோதுமை விதைத்ததில் 10.1 டன். மக்காச்சோளம், கோதுமை, க்ளோவர் என்னும் தீவனப்பயிர் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி விதைத்ததில் 2.7 டன் மட்டுமே. புல்லால் மூடப்பட்ட பாத்தியிலோ ஏறத்தாழ 0.3 டன். இவ்வேகத்தில் ஏழு அங்குல மேல்மண் முற்றும் அழிவதற்கு முதற் பாத்தியில் 50 ஆண்டுகள் போதும். இரண்டாவதில் 100 ஆண்டுகள். மூன்றாவதில் 368 ஆண்டுகள். புல்வெளியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மண் ஒன்றே, மழை ஒன்றே, சரிவும் ஒன்றே. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் அழிப்பதா, நூறு தலைமுறைக்கு விட்டுச் செல்வதா என்னும் முடிவு அவன் விதைக்கும் பயிரில் இருக்கின்றது.

இத்தகைய அளவை நாடெங்கும் வேண்டுமென்று பென்னட் வாதாடினார். டெக்சாஸ் மாநிலத்து உறுப்பினர் ஜேம்ஸ் புக்கனன் அதற்குத் துணை நின்றமையால், 1929-இல் 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. ஒக்லஹோமாவில் கத்ரி, டெக்சாசில் டெம்ப்பிள், மிசௌரியில் பெத்தனி, அயோவாவில் கிளாரிண்டா, விஸ்கான்சினில் லா கிராஸ் முதலிய பத்து இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. 72.6 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய பாத்திகள் அங்கு வகுக்கப்பட்டன. ஏக்கரில் சரியாக நூறில் ஒரு பங்கு அப்பரப்பு. ஆதலால் கிடைத்த எடையை நூறால் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வந்துவிடும்.

புழுதிப்புயலும் புதிய சட்டமும்

1933-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்தபோது நாடு பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. வேலையற்றோர்க்கு வேலை தருவதற்கென ஒதுக்கிய பணத்தில் 50 லட்சம் டாலரைச் சரிவு நிலங்களில் வரப்பு எடுப்பதற்குச் செலவிடலாம் என்று சிலர் கருதினர். பென்னட் அதனை மறுத்துரைத்தார். வரப்பு ஒன்றே மருந்தாகாது. நிலத்தின் தன்மை, சரிவு, பயிர், மேய்ச்சல், காடு அனைத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாதமே வென்றது. 1933 செப்டம்பரில் மண்ணரிப்புப் பணியகம் ஒன்று தோன்றியது. அதன் தலைவராகப் பென்னட்டே அமர்ந்தார்.

அப்பணியகத்தின் முதற் செயல்விளக்கத் திட்டம் விஸ்கான்சின் மாநிலத்துக் கூன் கிரீக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அங்கே நூற்றுக்கணக்கான உழவர்கள் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மேலும் கீழுமாக உழும் பழைய முறையை விடுத்துச் சரிவின் குறுக்கே சமமட்டமாக உழலாயினர். புல்லும் தானியமும் மாறிமாறி நிற்கும் பட்டைகளாக வயலை வகுத்தனர். செங்குத்தான சரிவுகளை மாடு மேயாதபடி வேலியிட்டுக் காட்டுக்கு விட்டனர். இளைஞர் படையினர் ஓடைப் பள்ளங்களை அடைத்தனர், மரம் நட்டனர்.

இதற்கிடையே மேற்குப் பெருஞ்சமவெளியில் வேறொரு கேடு மூண்டது. பல்லாண்டுகளாகப் புல்வெளியை உழுது கோதுமை விதைத்த நிலங்களில் வறட்சி புகுந்தது. வேர் பிடித்து நிறுத்தாத மண்ணைக் காற்று அள்ளியது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி முகில், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடந்து, நியூயார்க் நகரத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் படிந்து, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின்மீதும் விழுந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் வீசிய புயலில் பகலே இருளாயிற்று. அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்று மக்கள் பெயரிட்டனர்.

மண்காப்புக்கு நிலையான துறை வேண்டுமென்னும் மசோதா அவ்வேளையில் செனட் குழுவின் முன் இருந்தது. பென்னட் சான்றுரைத்துக் கொண்டிருந்தபோது மேற்கிலிருந்து புழுதிப்புயல் ஒன்று தலைநகரை நோக்கி வருவதை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்றும், அது வந்து சேரும்வரை தம் உரையை நீட்டினார் என்றும், சன்னலுக்கு வெளியே வானம் மங்கியதைக் கண்ட உறுப்பினர்கள் வேறு சான்று கேட்கவில்லை என்றும் ஒரு கதை வழங்குகின்றது. சொல்லச் சொல்ல அக்கதை சற்று மெருகேறியிருக்கலாம். ஐயத்துக்கு இடமில்லாதது ஒன்று: 1935 ஏப்ரல் 27-ஆம் நாள் மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. வேளாண்மைத் துறையின் கீழ் மண்காப்புப் பணித்துறை பிறந்தது. அதன் முதல் தலைவராகப் பென்னட் 1951 வரை விளங்கினார்.

புயலைக் கண்டு அஞ்சியதால்தான் சட்டம் வந்தது என்று எண்ணுதல் முழு உண்மையாகாது. அச்சம் சில நாளில் தீர்ந்துவிடும். அச்சம் எழுந்த நேரத்தில், என்ன செய்யவேண்டும் என்பதற்குப் பத்து நிலையங்களின் அளவுகள் கையில் இருந்தன. கூன் கிரீக் போன்ற இடங்களில் செய்முறையும் தொடங்கியிருந்தது. பென்னட் முப்பதாண்டு விதைத்ததை அப்புயல் அறுவடை செய்வித்தது எனலாம்.

நிலத்தின் தகுதி அறிதல்

பண்டைத் தமிழர் நிலத்தை அதன் இயல்பு நோக்கிக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, அவ்வந்நிலத்திற்கு ஏற்ற தொழிலும் வாழ்வும் கண்டனர். பென்னட்டின் துறையினர், ஒவ்வொரு பண்ணையிலும் உள்ள நிலத்துண்டுகளை அவற்றின் தகுதி நோக்கி எட்டு வகையாகப் பிரித்தனர். முதல் நான்கு வகை, ஏற்ற காப்போடு உழத்தக்கவை. பின் நான்கும் புல்லுக்கோ, காட்டுக்கோ, காட்டுயிர்க்கோ விடத்தக்கவை. நிலத்துக்கு இயலாததை அதனிடம் கேளாதே என்பதே இவ்வகுப்பின் உட்கருத்து.

அரசாங்கம் தன் அதிகாரத்தால் உழவரைத் திருத்த முடியாது என்பதையும் பென்னட் அறிந்திருந்தார். 1937-இல் ரூஸ்வெல்ட், மாநில ஆளுநர்கள் அனைவருக்கும் மாதிரிச் சட்டம் ஒன்றை அனுப்பினார். அதன்படி உழவர்களே கூடித் தங்களுக்குள் மண்காப்பு மாவட்டம் அமைத்துக்கொண்டு, தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, துறையின் அறிவுரையைப் பெறலாம். நாட்டிலேயே முதலில் அமைந்தது வட கரோலினாவின் பிரவுன் கிரீக் மாவட்டம். பென்னட் பிறந்த ஆன்சன் மண் அதனுள் அடங்கும். தந்தையார் தனியொருவராய் வரப்பெடுத்த ஊரில் அயலார் அனைவரும் ஒருங்கே அப்பணியில் இறங்கக் கண்டது மகனுக்குக் கிட்டிய பெரும்பேறு. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ மூவாயிரம் மாவட்டங்கள் உள்ளன.

குறிப்பேடுகளில் விளைந்த சூத்திரம்

பத்து நிலையங்களிலும் பின்னர் எழுந்த பிற நிலையங்களிலும் சேர்ந்த குறிப்பேடுகள் வீண்போகவில்லை. 1940-இல் சிங் என்னும் பொறியாளர், சரிவின் நீளமும் செங்குத்தும் மிகுந்தால் இழப்பு எவ்வளவு மிகும் என்பதைக் கணக்காக எழுதினார். அடுத்த ஆண்டு ஸ்மித் என்பவர் பயிரையும் காப்புமுறையையும் அக்கணக்கில் சேர்த்தார். 1954-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு மத்திய நிலையம் நிறுவப்பட்டு, வால்ட்டர் விஷ்மையர் என்பவரின் பொறுப்பில் எல்லா ஏடுகளும் ஒருங்கே தொகுக்கப்பட்டன. ஒரு பாத்தியில் ஓராண்டு எடுத்த அளவை ஓர் அலகாகக் கொண்டால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் அத்தொகுப்பில் இருந்தன. அதிலிருந்து பிறந்ததே பொது மண்ணிழப்புச் சூத்திரம். அது 1965-இல் கையேடாக வெளிவந்தது, 1978-இல் விரிவாக்கப்பட்டது, 1997-இல் திருத்தப்பட்டது.

ஆறு எண்களின் பெருக்கமே அச்சூத்திரம். மழையின் தாக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் இயல்பு, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தை மூடி நிற்கும் பயிர், காப்பு முறை என்பன அவை. மழையை மனிதன் மாற்ற இயலாது. மண்ணின் பிறப்பியல்பையும் எளிதில் மாற்ற இயலாது. ஏனையவற்றில் அவன் கைக்கு இடமுண்டு. வரப்பெடுத்தால் சரிவின் நீளம் குறைகின்றது. மிதமான சரிவில் சமமட்டமாக உழுதால் இழப்பு ஏறத்தாழப் பாதியாகின்றது. ஏதேனும் ஓர் எண் சுழியை நெருங்கினால் பெருக்கத்தொகையும் சுழியை நெருங்கும். அடர்ந்த புல் செய்வது அதுவே. உழவர் ஒருவர் தம் நிலத்தின் எண்களை இட்டுப் பெருக்கி, கிடைத்த தொகை அந்நிலம் தாங்கும் அளவுக்கு மிகுந்தால், எந்த எண்ணைக் குறைப்பது என்று தாமே முடிவு செய்யலாம். நல்ல ஆழமுள்ள நிலத்துக்கும் தாங்கும் அளவு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன் என்பதே மேல்வரம்பு.

இச்சூத்திரத்துக்கு எல்லையும் உண்டு. அது பல்லாண்டுச் சராசரியைக் கூறுமேயன்றி, நேற்றுப் பெய்த மழையின் இழப்பைக் கூறாது. காற்றின் அரிப்பும் ஓடைப் பள்ளங்களும் அதில் அடங்கா. மேலும், சரிவிலிருந்து பெயர்ந்த மண்ணெல்லாம் ஆற்றைச் சேர்வதில்லை. பெரும்பகுதி அடிவாரத்திலும் வயலோரத்திலும் தங்கிவிடும். கூன் கிரீக் பள்ளத்தாக்கில் படிந்த வண்டலைப் பல்லாண்டு நேரில் அளந்த ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் ஆய்வாளர், 1970-களுக்குப் பின் அங்கு வண்டல் சேரும் வேகம் 1930-களில் இருந்ததில் நூற்றுக்கு ஆறு பங்காகக் குறைந்துவிட்டது என 1999-இல் வெளியிட்டார். பென்னட்டின் முறைகள் பலனளித்தமைக்கு இது சான்று. கணக்கில் வரும் எண்ணை மட்டும் நம்பாது, மண்ணையும் சென்று பார்க்கவேண்டும் என்பதற்கும் இதுவே சான்று. குழி தோண்டிப் பார்த்தே உண்மை கண்ட பென்னட் இதனை மகிழ்ந்து ஏற்றிருப்பார்.

நம் நாட்டில்

இந்தியாவும் இவ்வழியில் நடைபோட்டது. 1948-இல் தோன்றிய தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம், அணைகளில் வண்டல் நிறைவதைத் தடுக்க மேட்டுநிலங்களில் மண்காப்புப் பணியை மேற்கொண்டது. 1953-இல் மத்திய மண்காப்பு வாரியம் நிறுவப்பட்டது. அதையடுத்து டேராடூன், கோட்டா, பெல்லாரி, நம் உதகமண்டலம் முதலிய இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. உதகையில் உருளைக்கிழங்கு பயிராகும் மலைச்சரிவுகளிலும் பாத்தி கட்டி மண்ணிழப்பை அளந்தனர். படிப்படியாக மட்டம் செய்த வயல்களில் இழப்பு பெரிதும் குறைவதைக் கண்டனர்.

1983-இல் துருவ நாராயணா, ராம் பாபு என்னும் அறிஞர் இருவர் இத்தகைய அளவுகளைத் தொகுத்து நாடு முழுமைக்கும் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். அதன்படி இந்தியாவில் ஆண்டுதோறும் பெயரும் மண் 533 கோடி டன். ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல். அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 29 பங்கு கடலைச் சேர்கின்றது. 10 பங்கு நீர்த்தேக்கங்களில் படிகின்றது. எஞ்சியது இடம்விட்டு இடம் பெயர்கின்றது. அணைகளையும் ஆலைகளையும் ஒட்டி எழுந்த காலனிகளில் வாழும் நமக்கு அப்பத்துப் பங்கின் பொருள் நன்கு விளங்கும். நம் விளக்கும் குடிநீரும் அந்நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கின்றன. படிந்த வண்டலின் அளவுக்குத் தேங்கும் நீர் குறையும்.

இறுதிக் காலம்

தலைமைப் பதவியில் இருந்த காலத்திலும் பென்னட் ஓய்ந்திருக்கவில்லை. 1939-இல் ஆயிரம் பக்கத்தை எட்டும் மண்காப்புப் பெருநூலை இயற்றினார். 1944-இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அந்நாட்டு நிலங்களைக் கண்டு அறிவுரை வழங்கினார். பிற நாட்டு மாணவர் பலர் அவர் துறையை நாடி வந்து பயின்றனர். 1960 ஜூலை 7-ஆம் நாள் வட கரோலினாவின் பர்லிங்டன் நகரில் அவர் உயிர் நீத்தார். நாட்டுக்குழைத்த வீரர் பலர் துயிலும் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அவருடலும் அடக்கம் செய்யப்பட்டது. நாட்டின் மண்ணைக் காத்தவருக்கு அவ்விடம் முற்றும் பொருத்தமே.

அவர் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பேரிழப்புகள் பெரும்பாலும் பேரோசையோடு வருவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக, நாம் காணாத வண்ணமே நேர்கின்றன. அவற்றை அளந்து காட்டுபவர் இல்லாவிடில் நாம் விழித்தெழுவதில்லை. அளந்து காட்டியபின்னும் திருந்தாவிடில் அளந்ததால் பயனுமில்லை. பென்னட் அளக்கவும் செய்தார். அளந்ததைக் கொண்டு உழவரோடு சேர்ந்து வயலில் இறங்கவும் செய்தார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைந்தமையே அவர் பெருமை.

நம் காலனியிலும் மழைக்காலம் வரும். வெற்றுத் தரையிலிருந்து சாக்கடைக்கு இறங்கும் நீரின் நிறத்தையும், புல் மூடிய தரையிலிருந்து இறங்கும் நீரின் நிறத்தையும் நம் சிறுவர் சிறுமியர் ஒருமுறை இரு குவளைகளில் ஏந்திப் பார்க்கட்டும். வேண்டுமாயின் தெளியவைத்து, அடியில் தங்கிய மண்ணை உலர்த்தி எடை போடட்டும். மிசௌரியில் 1917-இல் தொடங்கிய பெரும்பணியின் முதற்பாடம் அதுவே. அதனைக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து எத்துறையில் அமர்ந்தாலும் மண்ணை அழியாச் செல்வம் என்று எண்ணி ஏமாறமாட்டார்கள்.